இரண்டு பேருக்கு ஒரு சட்டை

எங்கள் மரச்சாமி சான் சிமோனுக்குக் கைகள் குட்டை. செதுக்கியவன் பாதியில் சலித்துப்போனானோ, மரம்தான் போதவில்லையோ, தெரியாது. அவருக்குச் சட்டை தைப்பவள் தோளையும் மார்பையும் வளர்ந்த ஆணுக்கு எடுப்பதுபோல் எடுத்து, கையில் மட்டும் நான்கு விரல் குறைக்க வேண்டும். எங்கள் ஏரிக்கரை ஊரில் தையல் மிஷின் வைத்திருக்கும் எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும்.

நான் அவருக்குச் சட்டை நேர்ந்துகொண்டது மே மாதத்தில். என் கணவன் காஸ்பர் அன்று பயணிகளோடு படகை அக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனவன், நடு ஏரியில் சுக்கானைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான். குடிதான். கோழிக் கூடையோடு வந்த ஒருத்தி எழுந்து போய் மோட்டாரை அணைத்து, அவன் முகத்தில் தண்ணீரை வாரி அடித்தாளாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊரில் இரண்டு நாள் சிரித்தார்கள். நான் அன்று சாயங்காலமே ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு சுருட்டும் வாங்கிக்கொண்டு பெத்ரோனாவின் வீட்டுக்குப் போனேன்.

பெத்ரோனா என் மகள் மிகேலாவின் ஞானத்தாய். சான் சிமோன் வருடத்துக்கு ஒரு வீட்டில் தங்குவார். இந்த வருடம் அவள் வீட்டில். தலையில் தொப்பி, கழுத்தில் ஏழெட்டுக் கழுத்துப்பட்டிகள், வாயில் சுருட்டு, காலடியில் கரும்புச் சாராயப் பாட்டில்கள். புகை நடுவே உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன வேண்டிக்கிட்ட?" என்றாள் பெத்ரோனா.

"காஸ்பர் குடிக்கக் கூடாது. இந்த மழைக்காலம் முழுக்க ஒரு சொட்டுகூட. அப்படி இருந்துட்டா இவரோட திருநாளுக்குப் புதுச் சட்டை."

பெத்ரோனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப் பாவி! இந்த ஊர்லயே பெரிய குடிகாரர் இவர்தான். இவர்கிட்டயா வந்து கேக்குற?"

"வேற யார்கிட்டக்கா கேக்குறது? குடிக்காதவங்களுக்கு இந்தக் கஷ்டம் எங்க புரியப் போகுது?"

அவள் யோசித்தாள். "அதுவும் சரிதான்" என்று சொல்லி, எனக்காக அவர் வாயில் ஒரு மடக்கு ஊற்றினாள்.

ஒன்பதாவது நாள் காஸ்பர் குடியை விட்டான்.

ஆனால் அது நடந்தது பெத்ரோனாவின் வீட்டில் இல்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சபை ஒன்று இருக்கிறது. குவாத்தமாலா நகரத்திலிருந்து வந்த ஒலிபெருக்கி அதன் உச்சியில் இருக்கிறது. அது பாடினால் அக்கரையில் இருப்பவர்களும் மனந்திரும்ப வேண்டியதுதான். அன்றைக்குத் திடீரென்று கொட்டிய மழைக்கு ஒதுங்கத்தான் காஸ்பர் அங்கே போயிருக்கிறான். யாரோ சூடாகக் காப்பி கொடுத்திருக்கிறார்கள். பாஸ்டர் எலிசேயோ அவன் தலைமேல் கை வைத்து ஜெபித்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவன் நனைந்த தொப்பியோடு வாசலில் நின்று, "கோலாசா, இனிமே இல்ல" என்றான். இதற்கு முன்னும் பலமுறை சொல்லியிருக்கிறான். ஆனால் எப்போதும் அழுதுகொண்டே சொல்வான். இந்த முறை அழவில்லை.

ஜூன் போயிற்று. ஜூலை போயிற்று.

அவனை மாற்றியது யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர. "ஆண்டவர் செஞ்ச அற்புதம்" என்றார் பாஸ்டர், ஒலிபெருக்கியிலேயே. "எங்க கிழவர் செஞ்சது. அவங்க பேர் வாங்கிக்கிறாங்க" என்றாள் பெத்ரோனா, சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டே. நான் சில சமயம் மழையையும் நினைத்துக்கொள்வேன். அன்று அரை மணி நேரம் தாமதமாகப் பெய்திருந்தால் அவன் சாராயக் கடை வாசலைத் தாண்டியிருக்க மாட்டான். மழைக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று உறுதியாக இருக்கும்போல. என் உள்ளே கை விட்டுத் துழாவினால் அங்கே ஒரு தையல்காரிதான் இருக்கிறாள். துணிக்கடைக்காரன் என்ன சொன்னாலும் அவள் கேட்டுக்கொள்வாள். துவைத்த பிறகுதான் நம்புவாள்.

அப்படித்தான் சபையையும் சான் சிமோனையும் பார்த்தேன். கதவுத் தாழ் அசையும்போது மிகேலாவின் தோள்கள் காதுவரை ஏறும். ஒன்பது வயதுப் பிள்ளை. அவளுக்கே அது தெரியாது. ஜூலையில் ஒரு சாயங்காலம் தாழ் அசைந்தது, அவள் தோள் அசையவில்லை. சோளமாவை உருட்டிக்கொண்டே "அப்பா, மீன் வாங்குனியா?" என்றாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு எந்தக் கடவுள் வந்து கேட்டிருந்தாலும் ஆமென் சொல்லியிருப்பேன்.

அதே சபைதான் காஸ்பரை அவன் அண்ணனிடமிருந்து பிரித்தது. அண்ணன் வீட்டு மரிம்பா இசைக் கச்சேரிக்குப் போவது பாவமாம். இரண்டு வாரம் முகம் தொங்கிக் கிடந்தான். சான் சிமோனைக் கவனித்துக்கொள்ளும் ஆட்களில் ஒருவனாகப் பதினோரு வருடம் இருந்துதான் அவன் இவ்வளவு குடித்தான் என்பதும் உண்மை. அவன் சம்பாதிக்காமல் கிடந்த மாதங்களில் எங்கள் வீட்டுக்குச் சோள மூட்டை வந்தது அவர்களிடமிருந்துதான் என்பதும் உண்மை. துவைத்தால் இரண்டு துணியிலும் கொஞ்சம் சாயம் போகிறது. இரண்டும் உடுத்தலாம்.

செப்டம்பரில் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார்.

"காஸ்பர் அண்ணன் அக்டோபர் கடைசி ஞாயிறு ஏரியில ஞானஸ்நானம் எடுக்குறார் சகோதரி. நீங்க எப்போ?"

"நான் பாத்துக்கிட்டு இருக்கேன் பாஸ்டர்."

"வேதத்தையா?"

"இல்ல, இவரை."

அவர் சிரித்தார். நல்ல மனிதர். கிளம்பும்போது காஸ்பரைப் பார்த்து, "வீட்டுல சிலை கிலை, நேர்த்தி கீர்த்தி எதுவும் இருக்கக் கூடாது. அந்தப் பக்கம் ஒரு கயிறு கட்டியிருந்தா அது இழுத்துக்கிட்டேதான் இருக்கும்" என்றார். காஸ்பர் தலையாட்டினான். என் கை மிஷின் சக்கரத்தின் மேல் நின்றுவிட்டது.

கடைசி ஞாயிறு ஞானஸ்நானம். மறுநாள் திங்கள், சான் சிமோன் திருநாள். மழைக்காலமும் அந்த வாரத்தோடு முடிகிறது. சட்டை கொடுக்காவிட்டால் சான் சிமோன் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வார், அவர் அப்படிப்பட்டவர். கொடுப்பது காஸ்பருக்குத் தெரிந்தால் அவனுடைய புதிய பிடிமானம் உடையும். இரண்டு பக்கமும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: சாராயக் கடை. எனக்கு எந்தச் சாமியின் கோபத்திலும் பயமில்லை. மிகேலாவின் தோள்கள் மறுபடி ஏறிவிடுமோ என்றுதான் பயம்.

எனவே ஒளித்து வைத்துத் தைத்தேன். வெள்ளைத் துணி, கழுத்தைச் சுற்றிச் சிவப்பு நூலில் பன்னிரண்டு பறவைகள். காஸ்பர் படகில் இருக்கும் மத்தியான வேளைகளில் ஒரு நாளைக்குப் பாதிப் பறவை. நல்ல நூல் தீர்ந்து, கடைசி நான்கு பறவைகளுக்குச் சந்தையில் கிடைத்த மலிவு நூலை எடுத்தேன்.

சனிக்கிழமை காற்று அதிகம். படகுகளைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டாவது பறவையின் வாலில் இருந்தேன், காஸ்பர் உள்ளே வந்து நின்றான். சட்டை என் மடியில் விரிந்து கிடந்தது. மறைக்க நேரமில்லை.

"எனக்கா?" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான பதின்மூன்று வருடத்தில் அவனுக்கென்று நான் ஒரு பறவைகூடத் தைத்ததில்லை. குடிப்பவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்த முகத்துக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ஆமா. நாளைக்கு நீ போட்டுக்க."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! அது பொய்தானா என்றுகூடக் கொஞ்ச நேரம் எனக்குக் குழப்பமாக இருந்தது.

அவன் போட்டுப் பார்த்தான். தோள் கச்சிதம். கை மட்டும் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது. அவன் வலக் கையை நீட்டி அந்த இடைவெளியைப் பார்த்தான், இடக் கையையும் நீட்டிப் பார்த்தான்.

"துணி பத்தல" என்றேன்.

"பரவால்ல. தண்ணிக்குள்ளதானே போகப் போறேன்" என்று கழற்றி, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை, காற்று எழும் முன்னே ஊரே கரையில் நின்றது. சபைக்காரர்கள் பாட்டோடு நின்றார்கள், மற்றவர்கள் வேடிக்கையோடு. துவைக்கிற கற்களின் மேல் பெண்கள் துணியோடு நின்றார்கள்; அவர்களில் பெத்ரோனாவும் இருந்தாள். பாஸ்டர் எலிசேயோ டை கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். காஸ்பர் என் சட்டையில், குட்டைக் கைகளோடு, வளர்ந்துவிட்ட பள்ளிப் பையனைப்போல நடந்து போனான்.

பாஸ்டர் அவன் முதுகைத் தாங்கி, பின்னால் சாய்த்து முக்கினார். நீண்ட நேரம் முக்கினார். பதினோரு வருடத்துக்கும் சேர்த்து என்று நினைத்தாரோ என்னவோ. காஸ்பர் இருமிக்கொண்டே எழுந்தபோது அவன் மார்பில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு வழிந்தது.

"பாருங்க!" என்று பாஸ்டர் கத்தினார். "பாவம் கழுவிக்கிட்டுப் போகுது, கண்ணால பாருங்க!"

கூட்டம் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. அது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரையுள்ள பறவைகள் என்று எனக்கு மட்டும் தெரியும். என் தொழில் வாழ்க்கையிலேயே பெரிய அவமானம் அது. அதற்குத்தான் இத்தனை பேர் கைதட்டினார்கள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் நான் உருகி அழுவதாக நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

அன்று பகல் சட்டை கொடியில் காய்ந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக் காலைக்குள் இன்னொரு சட்டை தைக்க முடியாது. இதைக் கொண்டுபோனால் திருட்டு, அதுவும் கணவனின் ஞானஸ்நானச் சட்டை. போகாவிட்டால் வாக்குத் தவறியவள்.

திங்கள் காலை எழுந்தபோது கொடியில் சட்டை இல்லை. காஸ்பர் வாசற்படியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்து, என் சின்னக் கத்தரிக்கோலால் சட்டைப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ற?"

"பையை இடது பக்கம் வெச்சுட்ட. அவருக்கு வலது பக்கம் வைக்கணும். இடது பக்கம் சுருட்டுச் சாம்பல் விழும்."

நான் அப்படியே அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்போ தெரிஞ்சுது?"

"கையை உள்ள விட்டதும். பதினோரு வருஷம் அவருக்கு உடுப்பு மாத்துனவன்டி நான். அந்தக் கையோட அளவு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் போட்டுக்கிட்ட?"

அவன் நூலை இழுத்தான்.

"பயம்தான், கோலாசா. என்னைப் பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கிறது யாரோட கைன்னு எனக்குத் தெரியல. ரெண்டு கையும் இருக்குன்னே தோணுது. ஒரு கையை எடுத்துக்கன்னு நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

மழைக்காலம் முழுக்க நான் எனக்குள் துழாவிக்கொண்டிருந்த இடத்தில் இவனும் கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்திருக்கிறான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

"பாஸ்டர் கேட்டா?" என்றேன்.

"ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்னு அவர்தான் சொல்றார். அப்போ இதுவும் தெரிஞ்சிருக்கும். பாஸ்டருக்கும் எல்லாம் தெரியணும்னு யார் சொன்னா?" பிரித்த பையை என்னிடம் நீட்டினான். "சீக்கிரம் தை. எனக்கு ஆறு மணிப் படகு. நான் அங்க வர மாட்டேன். சாராய வாசம் வேணாம்."

"சரி."

"எனக்கும் ஒண்ணு தைச்சுத் தா. கை முழுசா."

பெத்ரோனாவின் வீட்டில் அதற்குள் கூட்டம். சான் சிமோனின் பழைய உடுப்பைக் கழற்றி, புதியதற்குக் காத்திருந்தார்கள். பெத்ரோனா சட்டையை வாங்கிப் புரட்டினாள், முகர்ந்தாள். கழுத்தோரம் பறவைகளைச் சுற்றிப் பரவியிருந்த இளஞ்சிவப்பை விரலால் தடவினாள். புதுத் துணியை ஏரியில் நனைக்காமல் அவருக்கு உடுத்தக் கூடாது, அது முறை.

"ஏரித் தண்ணில நனைச்சியா?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"நனைச்சேன்க்கா."

"நானும்தான் பாத்தேனே." குரலைத் தாழ்த்தினாள். "உங்க பாஸ்டர் நல்லாவே முக்குனாரு. நாங்ககூட இவ்வளவு நேரம் முக்க மாட்டோம்."

"அக்கா..."

"சும்மா இரு. என் ஞானமகளோட அப்பன் ஒழுங்கா இருக்கான். அந்தச் சட்டையை யார் முதல்ல போட்டா என்ன?" திரும்பி உரக்கச் சொன்னாள்: "வாங்கப்பா, கையைத் தூக்குங்க! பாருங்க, எவ்வளவு கச்சிதமா இருக்குன்னு!"

கச்சிதமாகத்தான் இருந்தது. அவர் வாயில் சுருட்டைச் செருகினார்கள். சாம்பல் இடது பக்கம் விழுந்தது, பை இல்லாத பக்கம்.

சாயங்காலம் நானும் மிகேலாவும் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். ஊருக்குள் பட்டாசும் மரிம்பாவும், துறைப் பக்கம் ஒலிபெருக்கிப் பாட்டும் ஒன்றையொன்று அடக்கப் பார்த்தன. கதவுத் தாழ் அசைந்தது. நான் கத்தியை நிறுத்தி மகளைப் பார்த்தேன்.

"அப்பா, கையைக் கழுவிட்டு வா" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.