இடது கை நடை

சீருடை தைக்கும் அந்தக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கு ஸ்கேல் என்று பெயர். முப்பத்தொரு வருஷத்தில் அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. அவர் வாக்கும் அப்படித்தான். துணியைத் தப்பாக வெட்டியவன், வேறு யார் கண்ணிலும் படுவதற்குள் தானே சிவப்புச் சாக்பீஸை எடுத்து அந்தத் துணியில் பெருக்கல் குறி போட்டு மேசைமேல் வைத்துவிட வேண்டும். மறைத்தவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. அது அவர் போட்ட சட்டம்.

அந்த ஸ்கேலைப் பார்த்துத்தான் இப்போது ஊரே ஆடிக்கொண்டிருந்தது.

ஆட வைத்தது அவர் பெற்ற பிள்ளை. கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பாட்டு செய்கிறவன். ஒரு நாள் மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவன், இரண்டு நீள மேசைகளுக்கு நடுவே அவர் நடந்துபோவதை போனில் பிடித்தான். நாலே விநாடி. அதையே வெட்டி, திருப்பி, மறுபடி திருப்பி, அடியில் நெஞ்சை இடிக்கிற தாளம் வைத்தான். வார்த்தை என்று பார்த்தால் ஒரே வரிதான். "இன்னொரு தடவை அள!" அதுவும் அவர் குரல். மூன்று வாரத்தில் மூன்று கோடிப் பேர் பார்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், நர்சுகள், சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர் வரைக்கும் அந்த நடை பரவிவிட்டது. உடம்பு பலகை மாதிரி, வலது கை வீச்சு, இடது கை இடுப்போடு ஒட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டியபடி.

விரலை ஏன் உருட்டுகிறார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பட்டன் தைக்கிற பெண் பதில் சொன்னாள்: "மாஸ்டர் துணியோட தரத்தை விரலாலேயே பார்ப்பாரு. பழகிப்போச்சு. துணி இல்லேன்னா காத்தைத் தடவிப் பார்க்கறாரு!" எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் மறுக்கவில்லை.

உண்மை அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது மாதத்துக்கு முன்னால், தெரிந்த முகம் எதுவும் தட்டுப்படாத இடமாகப் பார்த்து, இரண்டு பஸ் மாறிப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். மாத்திரைகள் சத்து மாத்திரை டப்பாவில் இருந்தன. துணியைப் பிடித்து வெட்டும்போது இடது கை கல் மாதிரி நிற்கும். சும்மா தொங்கவிட்டால் நடுக்கம் ஆரம்பித்துவிடும். அதனால் அந்தக் கையில் எப்போதும் அளவெடுக்கும் டேப்பைச் சுருட்டி இறுக்கிப் பிடித்திருப்பார். அன்று ஒரு நாள்தான் டேப்பை மேசையில் மறந்துவிட்டு நடந்தார். பிள்ளைக்கு அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாஸ்டரின் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, நம்ம அப்பா தெருவுல நடந்தா உட்கார்ந்திருக்கறவன் எழுந்து நிப்பான். இப்ப நீ நடந்தா நிக்கறவன் ஆடறான். குடும்ப மானத்தை உன் பிள்ளை கூறுபோட்டு வித்துட்டான். நீயும் வாயை மூடிக்கிட்டு இருக்கே!"

மாஸ்டருக்கு அது கோபமாகவும் இருந்தது, வசதியாகவும் இருந்தது. விவரம் தெரிந்த ஒருவன் அந்தக் கையைப் பார்த்து இன்னதென்று சொல்லிவிடுவதற்குள் படத்தை நீக்க வைக்க வேண்டும். மானம் என்று சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

மகன் அறைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னார். "அதை எடுத்துடு."

"எதைப்பா?"

"பெத்த அப்பனைத் தெருவுல ஆட விட்டியே, அதை."

"அத்தை போன் பண்ணாங்களா?"

"அத்தை எதுக்கு? எனக்குக் கண்ணில்லையா?"

மகன் நாற்காலியைத் திருப்பினான். "சரிப்பா. நீங்க சொன்னா இப்பவே அழிச்சிடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாருங்க."

சத்தம் இல்லாமல் அந்த நாலு விநாடியை மெதுவாக ஓட்டினான். திரை முழுக்க அவருடைய இடது கை.

"விரலைப் பாருங்க. விநாடிக்கு நாலு. இம்மி பிசகலை. என் பாட்டு முதல்ல வேற வேகத்துல இருந்துது. உங்க விரலைப் பார்த்துதான் மாத்தினேன். அப்புறம்தான் பாட்டுக்கு உயிரே வந்துது." அவரைப் பார்க்காமல் மௌஸையே பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் பாட்டு போட்டா கதவைச் சாத்திட்டுப் போற மனுஷன், உள்ளுக்குள்ள தாளம் போட்டுக்கிட்டே இருந்திருக்காருன்னு அன்னிக்குத்தான்பா தெரிஞ்சுது. நான் வேற யாருக்கும் சொல்லலை. அவங்கல்லாம் துணின்னு நினைச்சுட்டுப் போகட்டும்."

ஆமாம்டா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளை முகம் மலர்ந்துவிடும். குட்டும் வெளிப்படாது. பாட்டில் இறங்கிய பன்னிரண்டு வருஷமாக அவன் அப்பாவிடம் எதிர்பார்த்தது அந்த ஒரு வார்த்தையைத்தான் என்பதும் அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

ஆனால் முப்பத்தொரு வருஷமாக அடுத்தவனைச் சிவப்புச் சாக்பீஸ் எடுக்க வைத்தவர் அவர்.

"பாட்டைப் போடு," என்றார்.

பாட்டு இடித்தது. அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி அதற்கேற்ப ஏதோ முணுமுணுப்பது கேட்டது. மாஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இறுகப் பிடித்திருந்த டேப்பை மேசைமேல் வைத்தார். வெறும் கையை மடிமேல் போட்டார். விரல்கள் உருள ஆரம்பித்தன, சொல்லிவைத்தாற்போல் தாளத்தோடு.

"அதோ! அதேதான்பா!" மகன் குழந்தை மாதிரி சிரித்தான்.

"இப்ப நிறுத்து."

பாட்டு நின்றது. கை நிற்கவில்லை.

மகன் முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, போவதற்கு வழி தெரியாமல்.

"அப்பா, பாட்டு நின்னுடுச்சு."

"தெரியும்."

"நீங்களும் நிறுத்துங்கப்பா."

"என்னால முடிஞ்சா டாக்டர்கிட்ட ஏன்டா போறேன்?"

தெருவில் யாரோ "இன்னொரு தடவை அள!" என்று கத்தினார்கள். கூடவே ஒரு கூட்டம் சிரித்தது. மகன் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, அதில் முதுகைச் சாய்த்தபடியே நின்றான்.

"எத்தனை நாளா?"

"ஒன்பது மாசம்."

"அம்மாவுக்கு?"

"உனக்குத்தான் முதல்ல."

"எடுத்துடறேன்பா. இப்பவே எடுத்துடறேன்." ஜன்னலை விட்டு வந்து மௌஸைப் பிடித்தான். "இதைப் போய் நான்..."

எடுத்துவிடுகிறேன் என்று அவனைச் சொல்ல வைக்கத்தான் அவர் வந்திருந்தார். இப்போது அது அவருக்கு அவசரமாகப் படவில்லை. "இரு. அவகிட்டயும் சொல்லிட்டு வரேன்," என்று எழுந்தார். முதுகு எப்போதும்போல் நிமிர்ந்தே இருந்தது. டேப்பை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏன்டா பாட்டை நிறுத்தினே?" அடுக்களையிலிருந்து அவள் குரல் வந்தது. "நல்லாத்தானே இருந்துது!"

அந்தக் குரலை நோக்கி அவர் நடந்தார், இடது கை தொங்கியபடி. மகன் அந்த நடையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.