ஒரு முழ ஒயர்

"டார்ச்சை என் மூஞ்சியில ஏன்டி அடிக்கற? மேல காட்டு," என்றார் அப்பா.

அவர் தலை ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. கால்கள் இரண்டும் எஸ்யூவியின் திறந்த கதவுக்கு வெளியே, பனி உருகிய சேற்றில். மேரன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தாள். பிரேக் கன்ட்ரோலர், சோப்புப் பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு ஸ்க்ரூவில் உட்கார்ந்துவிட்டது. இனி அதை வண்டியோடு சேர்க்கும் ஒயரை மாட்ட வேண்டியதுதான்.

"அந்த ஒயரை எடு."

"எது?"

"ரெண்டு பக்கமும் பிளக் வெச்சது. ஒரு முழம் இருக்கும். தனியா சின்னக் கவர்ல இருந்துச்சே."

மேரன் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். "இதுல இல்லப்பா."

ஒயர் அவள் போட்டிருந்த ஜாக்கெட்டின் வலது பாக்கெட்டில் இருந்தது. அம்மாவின் ஜாக்கெட்.

அன்று காலை பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அம்மாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தவள் மேரன்தான். மூன்று நாளாக அவள்தான் ஒற்றினாள். அம்மா கண்ணைத் திறந்தாள், மேரனைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தாள். கதவருகே நின்ற அப்பாவிடம்தான் சொன்னாள்: "வெஸ், ஜூனியக் கூட்டிட்டு வர்றியா? இங்க நிறுத்து. பாக்கணும்."

ஜூனிபர் அம்மாவின் குதிரை. ரோடியோ குதிரைப் போட்டிகளுக்கு ஊர் ஊராக அதோடு அலைந்தவள் அம்மா. மேரன் பள்ளி மேடையில் பாடிய இரண்டு தடவையும் அதற்குக் குளம்பில் சீழ், இல்லாவிட்டால் வயிற்றுவலி; அம்மா லாயத்தில்தான் இருந்தாள். குதிரையிடம் பேச அம்மாவுக்குத் தனியாக ஒரு குரல் இருந்தது. அந்தக் குரலை மேரன் லாயத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கேட்டிருக்கிறாள்.

இப்போது அந்தக் குதிரை மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம், அப்பாவின் சிநேகிதர் டெட்டின் மேய்ச்சல் நிலத்தில் நின்றது. அவரே ஏற்றிக் கொண்டுவரலாம் என்றால், டெட் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார், நாளைக்குத்தான் வருவார். அப்பாவின் பிக்கப் வண்டி கியர்பாக்ஸ் போய் கொட்டகையில் கிடந்தது. மிச்சம், மளிகை வாங்கப் போய்வரும் இந்த எஸ்யூவிதான். குதிரை ஏற்றிய டிரெய்லருக்குத் தனியாக பிரேக் பிடிக்காவிட்டால், இறக்கத்தில் அதுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஓடைக்குள் இறக்கிவிடும். "நாளைக்குன்னு எதையும் தள்ளிப் போடாதீங்க வெஸ்," என்று நர்ஸ் பெவ் சமையலறையில் வைத்துச் சொன்னது மேரன் காதிலும் விழுந்தது. அரை மணி நேரத்தில் அப்பா, டிரெய்லர் பிரேக்கை இயக்கும் இந்தக் கன்ட்ரோலரை வாங்கப் போய்விட்டார்.

"பெட்டியில இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்." அப்பா எழுந்து சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். விரிப்பைத் தூக்கி உதறினார். மறுபடி சீட்டுக்கு அடியில். "இருபது நிமிஷ வேலைன்னான் கடைக்காரன். அவனைக் கொண்டாந்து இங்க படுக்க வெக்கணும்."

மேரன் தரையில் தேடுவது போலக் குனிந்தாள். பாக்கெட்டில் பிளக்கின் முனை விலாவில் குத்தியது.

கடைசியில் அவர் கத்தியை எடுத்தார். "வண்டியோட ஒயரை வெட்டித்தான் ஒட்டணும். நேரமாகும். நீ உள்ள போ, அம்மா பக்கத்துல இரு."

அவளுக்கு வேண்டியது அதுதான்.

பெவ் எழுந்து இடம் விட்டாள். "நல்ல நேரத்துல வந்தே. நான் ஒரு காபி குடிச்சிக்கறேன். நேத்து உங்கப்பா போட்டாரே, அது காபி இல்ல, தாரு."

மேரன் கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள். அம்மா மூச்சு விட்டு, நிறுத்தி, யோசித்து, அடுத்ததை இழுப்பது போலிருந்தது.

"வந்தாச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"வண்டிச் சத்தமே காணோம்."

"அப்பா பிரேக்கை மாட்டிட்டிருக்காரு."

அம்மாவின் கை போர்வையிலிருந்து வெளியே வந்து ஜாக்கெட்டின் கையைத் தடவியது. "என்னோடதுல்ல இது. உனக்கு நீளமா இருக்கு." கை மெதுவாக இறங்கியது. எத்தனையோ காலைகளில் நுழைந்த வழிதான். நேராக வலது பாக்கெட்டுக்குள் போய் நின்றது.

பாக்கெட்டுக்குள் விரல்கள் ஒயரைத் தடவி, பிளக்கைத் தொட்டு, திரும்ப ஒயருக்கு வந்தன. அம்மா இவ்வளவு நேரம் ஜன்னலைப் பார்த்தவள், இப்போது அவளைப் பார்த்தாள்.

பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"போ," என்றாள் அம்மா. "குடுத்துட்டு வா. நான் இங்கதான இருக்கேன்."

அப்பா ஒரு ஒயரின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். மேரன் கையை நீட்டினாள். "சீட்டுக்கு அடியில கெடந்துச்சுப்பா."

அவர் ஒயரைப் பார்த்தார். இரண்டு முறை துழாவிய சீட்டைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு குனிந்தார். டிக், டிக் என்று இரண்டு சத்தம். கறுப்புப் பெட்டியில் பச்சையாக ஓர் எண் எரிந்தது. நாற்பது நிமிஷம் தேடிய வேலை அவ்வளவுதான்.

"கதவைச் சாத்து," என்றார்.

டிரெய்லர் வாசலைத் தாண்டும்போது மணி ஒன்றரை இருக்கும். மேரன் ஓடிவந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். அம்மா அதற்கப்புறம் எதுவும் பேசவில்லை. கை மட்டும் மறுபடி அந்தப் பாக்கெட்டுக்குள் போனது. மேரன் தன் கையையும் உள்ளே விட்டாள். வேறு யாரும் வரவில்லை, அம்மா யாரையும் கேட்கவும் இல்லை.

மூன்று மணி ஐந்து நிமிஷம் என்று பெவ் காகிதத்தில் எழுதினாள்.

சரளையில் டிரெய்லர் வந்து நின்றபோது மூன்று இருபத்தைந்து. அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மேரனைப் பார்க்கவில்லை.

"இறக்கத்துல பிரேக் நல்லாத்தான் பிடிச்சுது," என்றார், பொதுவாக. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே ஜூனிபர் டிரெய்லரின் தகரத்தை உதைத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி உதைத்தது. மேரன்தான் போனாள். பின்கதவைத் திறந்து, கயிற்றை அவிழ்த்து, அதைப் பின்னுக்கு நடத்தி இறக்கினாள். சொன்ன இடத்துக்கே, ஜன்னலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அது ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. தலையைத் தாழ்த்தி, ஜாக்கெட்டை முகர்ந்து, வலது பாக்கெட்டில் மூக்கை நுழைத்தது.

"இல்ல," என்றாள் மேரன்.

அது முட்டியது. அவள் பாக்கெட்டின் உள்துணியை இழுத்து வெளியே போட்டுக் காட்டினாள். வைக்கோல் தூசியும், காய்ந்த ஆப்பிள் தோல் ஒன்றும் சேற்றில் விழுந்தன.

ஜூனிபர் தொங்கிய துணியை முகர்ந்துவிட்டு, மறுபடியும் அதே இடத்தில் முட்டியது.