காலிப்பர் காய இருபத்துநாலு மணி நேரம்

முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். என் கையெழுத்து இல்லாமல் எந்த வண்டியும் வெளியே போனதில்லை, என்னால் ஒரு வண்டியும் ஒரு நிமிஷம் தாமதமானதில்லை. அப்படிப்பட்டவன் போன ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு மோட்டார் சைக்கிளைக் கிளம்பவிடாமல் தடுக்க என்ன பாடுபட்டேன் என்று சொன்னால் டிப்போவே சிரிக்கும். சிரிக்கட்டும்.

வண்டி என் மகளுடையது. இரண்டு வருஷமாக மாடிப்படிக்குக் கீழே உறை போட்டு நிற்கிறது. வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று அவள் வந்து நின்ற அன்று, "போறதுன்னா அப்படியே போயிடு, திரும்பி வராதே" என்று கத்தினேன். கோபத்தில் சொன்னது. அவள் ஒரு பையோடு போனவள்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் அப்படித்தான் கெட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் அவள் பிடித்ததற்கு இரண்டே கால். அம்மாவோடு மட்டும் தினமும் போனில் பேசுவாள். நான் பக்கத்து அறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல், அந்தப் பக்கத்துச் சிரிப்பு கொஞ்சமாவது கேட்கிறதா என்று உட்கார்ந்திருப்பேன்.

புதன்கிழமை மனைவி போனை வைத்துவிட்டு வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில வர்றாளாம். வண்டியை எடுத்துட்டுப் போக."

"தங்குவாளா?"

"உடனே கிளம்பணுமாம்."

வீட்டில் அவளுடையது என்று மிச்சமிருந்தது அந்த வண்டி ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அவள் இங்கே வர ஒரு காரணமும் இருக்காது.

மன்னிப்புக் கேட்கலாம். எங்கள் பரம்பரையில் யாருக்கும் அது வந்ததில்லை. அதனால் பெயிண்ட் வாங்கப் போனேன். காலிப்பரைச் சிவப்பாக்க வேண்டும் என்று அவள் வண்டி வாங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். காலிப்பர் என்பது சக்கரத்தின் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற உள்ளங்கை அளவு உலோகம். "பிரேக்குக்கு எதுக்குடி லிப்ஸ்டிக்?" என்று அப்போது கேலி செய்தவனும் நான்தான்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வியாழக்கிழமை இரண்டையும் கழற்றினேன். "பிரேக் ஆயிலைச் சுத்தமாத் துடைச்சுட்டு அடிங்க சார்" என்று தெருமுனை மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னார். நான் யார் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? வெள்ளிக்கிழமை அடித்த சிவப்பு, ஒரு மணி நேரத்தில் பாலாடை போலச் சுருங்கி எழும்பியது. முழுவதையும் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தின்னர் போட்டுத் துடைத்து முடிக்கச் சனிக்கிழமை மதியம் ஆகிவிட்டது. அப்போதுதான் பெயிண்ட் டப்பாவின் பின்பக்கத்தை நிதானமாகப் படித்தேன். அடித்த பிறகு இருபத்துநாலு மணி நேரம் காயாமல் வண்டியில் மாட்டக்கூடாது என்று போட்டிருந்தது.

டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

"இன்னிக்கே அடிச்சா நாளைக்கு ரெடியாயிடுமே?" என்றாள் மனைவி.

"வெயில் பத்தாது. உனக்கு இதெல்லாம் தெரியாது."

என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளின் கட்டிலுக்குப் புது விரிப்பு எடுக்கப் போனாள்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு ராத்திரி. வாசலில் அவள் செருப்பு ஒன்று கிழக்கும் ஒன்று மேற்குமாகக் கிடக்க வேண்டும். "என் சார்ஜரை யார் எடுத்தது?" என்று அவள் வீடே அதிரக் கத்த வேண்டும். காலையில் குளியலறைக் குழாயைச் சரியாக மூடாமல் வர வேண்டும், நான் போய் மூட வேண்டும். பேசக்கூட வேண்டாம். இரண்டு வருஷமாக அந்தக் குழாய் ஒழுங்காக மூடியே இருக்கிறது, எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பெயிண்ட் படக்கூடாத இடங்களில் டேப் ஒட்டி, இரண்டுக்கும் சிவப்பு அடித்து, கம்பியில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். ஒன்பது மணிக்கு வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து என் மகள் இறங்கினாள். இளைத்திருந்தாள். தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள்.

"அப்பா" என்றாள். நான் தயாராக வைத்திருந்த சாக்குக்கு நேராக வந்தேன்.

"காலிப்பருக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கேன். நாளைக்குக் காலையிலதான் காயும். பிரேக் இல்லாம எப்படி ஓட்டுவே? இரு, நாளைக்குப் போகலாம்."

"நான் ஓட்டிட்டுப் போகலையேப்பா. பேட்டரியே செத்திருக்கும். லாரியில ஏத்தத்தான் வந்தேன்."

"வண்டி படுத்துக்கிட்டே வரப்போகுது சார், அதுக்கு எதுக்கு பிரேக்?" என்று டிரைவர் வேறு சிரித்தார்.

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி நின்றேன். வாய்விட்டு அழவும் முடியாது. டிரைவருக்குச் சாயந்திரம் வேறு லோடு இருந்தது. பலகை போட்டு வண்டியை ஏற்றினார்கள், நானும் பின்னாலிருந்து தள்ளினேன். என் மகளை என் கையாலேயே அனுப்பி வைக்கிறேன் என்று தோன்றியது. இலையில் போட்டதில் பாதியை அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு அவள் எழுந்தாள். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். காலிப்பர்களைத் துணியில் சுற்றிக் கொடுக்க ஜன்னலுக்குப் போனேன்.

"அதை எடுக்காதீங்க" என்றாள் மகள்.

பக்கத்தில் வந்து நின்றாள். காலிப்பரைப் பார்த்தாள். பிறகு நகக்கண்ணெல்லாம் சிவப்பாக இருந்த என் விரல்களைப் பார்த்தாள்.

"ஈரத்தோட எடுத்துட்டுப் போனா கெட்டுடும். காஞ்சதும் நீங்களே கொண்டு வந்து மாட்டிக் குடுங்க. எனக்கு மாட்டத் தெரியாது."

பதினெட்டு வயதில் அந்தப் படிக்கட்டடியில் தனியாகச் சக்கரம் கழற்றி மாட்டியவள் அவள். பொய் சொல்வதில் அச்சு அசல் என்னைப் போலவே.

"எப்ப வரட்டும்?" என்றேன்.

"அதான் சொன்னேனே, காஞ்சதும்." ஓடிப்போய் லாரியில் ஏறிக்கொண்டாள்.

லாரி தெரு திரும்புவதற்குள் நான் ஜன்னலுக்கு வந்துவிட்டேன். டேபிள் ஃபேனை இழுத்து வைத்தேன். பத்தவில்லை. மனைவியின் ஹேர் டிரையரைப் பிடித்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் விரலை வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு தரமும் ஒட்டி, விரல் ரேகை பதிந்தது. பிரஷ்ஷை எடுத்து அந்த ரேகையை மூட வேண்டியிருந்தது.

உள்ளேயிருந்து மனைவி சத்தம் போட்டாள்:

"தொட்டுக்கிட்டே இருந்தா அது எப்பங்க காயும்?"