மார்த்தாவின் அரைமணி

பாலர் வகுப்பு ஆசிரியை மிஸ் எலேனா தன் மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் என் மகள் பவ்யா, ஐந்து வயது, வகுப்புத் தரைவிரிப்பில் சம்மணமிட்டு, முயல் படம் போட்ட புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். ஸ்பானிஷில் ஒரு வரி வாசித்தாள். நிறுத்தினாள். வெறும் வாயை மூன்று தரம் அரைத்தாள். பிறகு கழுத்தை நீட்டி, பெரிதாக ஏதோ தொண்டையில் இறங்குவதுபோல விழுங்கினாள். அடுத்த வரி. மறுபடி அரைப்பு, விழுங்கல். கடைசிப் பக்கம் முடிந்ததும் மூக்கால் நீளமாக ஒரு சத்தம் போட்டாள், சைரன்போல. யாரோ வேலைக்குக் கூப்பிட்டதுபோலப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்து போனாள்.

மிஸ் எலேனா சிரித்தார். எல்லாப் புத்தகத்தையும் இப்படித்தான் வாசிக்கிறாளாம். உச்சரிப்பு மிக நன்று. ஆனால் முதலாம் வகுப்புக்கு யாரை எடுப்பது என்று முடிவு செய்ய ஜூன் மாதம் வேறொரு ஆசிரியர் வந்து வாசிப்பைக் கேட்பார். அதற்குள் இந்தப் பழக்கத்தை விடவைக்க வேண்டும். வீட்டில் யார் வாசித்துக் காட்டுவது என்று கேட்டார்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள் என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த என் கணவர் அன்புராசா திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

எங்கள் வீட்டுக்கு ஒருத்தியும் வருவதில்லை. அந்த விழுங்கல் எங்கிருந்து வந்தது என்பது பவ்யா முதல் தரம் வாயை அரைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். பாடசாலையில் பகல் முழுக்க ஸ்பானிஷ். ஆனால் அது போதாது. ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய புத்தகத்தைப் பையில் வைத்து அனுப்புவார்கள். அந்த மொழியில் பிறந்த ஒருவர் அதை வாசிக்க, பிள்ளை விரலை வரியின்கீழ் ஓட்டியபடி கேட்க வேண்டும். முதலில் காது, பிறகு வாய், கடைசியில்தான் கண். நல்ல முறை அது. நானும் அன்புராசாவும் வாசித்தால் அவள் எங்கள் பிழைகளைத்தான் படிப்பாள். வீட்டில் தமிழ், ரோட்டில் ஆங்கிலம். ஸ்பானிஷ் எதற்கு என்றால், மார்க்கம் நகரில் இருக்கும் மச்சாள் சாந்தாவின் பிள்ளைகள் பிரெஞ்சு படிக்கிறார்கள். அதைவிட வேறு காரணம் இருந்ததாக நினைவில்லை.

நான் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். பன் வெந்து வரும் வழியில் ஒரு கருவி இருக்கிறது. பன்னுக்குள் ஓர் ஊசிமுனை அளவு இரும்பு இருந்தாலும் கண்டுபிடித்து, காற்றை ஊதி அந்த ஒரு பன்னை மட்டும் வெளியே தள்ளிவிடும். புதிதாக வருபவர்களுக்கு அதை நின்று விளக்குவது எனக்குப் பிடிக்கும். அந்தக் கருவிக்குப் பக்கத்தில் நிற்பவள் மார்த்தா. எல் சல்வடோரிலிருந்து வந்தவள், ஐம்பது வயதிருக்கும். அவளுக்கு மதியத்தில் அரைமணி நேர இடைவேளை. நடந்து போய், கை கழுவி, மைக்ரோவேவுக்கு வரிசையில் நின்றால் மிச்சம் பதினைந்து நிமிடம். செப்டம்பரில் ஒருநாள் புத்தகத்தை அவள் முன்னால் வைத்து, ஒரே ஒருதரம் வாசித்துத் தர முடியுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வாசித்தாள். மறுநாள் கேட்கவில்லை, வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வைத்தேன். "ஓலா பவ்யா, நான் மார்த்தா" என்று தொடங்கி, ஒரு வரிக்கும் மறுவரிக்கும் இடையில் அவசரமாக மென்று விழுங்கி, இடைவேளை முடியும் சைரன் அடிப்பதற்குள் கடைசிப் பக்கத்தை முடித்துவிடுவாள். நான் எதிரே கைப்பேசியைப் பிடித்து அதைப் பதிவு செய்துகொண்டிருப்பேன். என் இடைவேளை வேறு நேரத்தில்.

பிள்ளையின் காதில் காற்றை ஊதித் தள்ளும் கருவி கிடையாது. எல்லாம் உள்ளே போகிறது.

வோபர்னில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், முதலாவது சிக்னலில் காரை நிறுத்திவிட்டு அன்புராசா கேட்டார்.

"பிள்ளை பாக்க ஆள் வருதெண்டு சொன்னீர். எப்ப தொடக்கம்?"

"பின்ன என்னெண்டு சொல்லுறது? என்ரை லைன்ல நிக்கிற பொம்பிளை சாப்பிடேக்க எடுத்ததெண்டோ?"

"அதைத்தானே செய்தனீர்."

"நான் ஒருநாளும் அவவைக் கட்டாயப்படுத்தேல்லை."

"ஓமோம். ஷிஃப்ட் லிஸ்ட் எழுதுறதும் நீர்தான்." கண்ணாடியில் பின்சீற்றைப் பார்த்தார். பவ்யா நித்திரை. "சைரன் அடிக்க எழும்பப் பழகீட்டாள். இனி தலைமயிருக்கு ஒரு வலையும் போட்டுவிட்டால் நேர வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்."

என் பக்கத்து யன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

பழுதைக் கண்டால் திருத்துவதுதான் என் வேலை. பழுது சத்தத்தில் இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். மறுநாள் மார்த்தா டப்பாவைத் திறந்து, அவரைக்கொட்டையும் சோளரொட்டியும் ஆவி பறக்க உட்கார்ந்தபோது, முதலில் வாசி, பிறகு சாப்பிடு என்று எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. "ஓகே, ஓகே" என்றாள். மூடியை அழுத்தி மூடினாள். உதட்டைத் துடைத்தாள். சைரன் கேட்காத இடம் வேண்டும் என்று லொக்கர் அறைக்குக் கூட்டிப்போனேன். சப்பாத்துகளின் ஈரநாற்றம் நிறைந்த இடம். புத்தகத்தை மெதுவாக, தெளிவாக வாசித்தாள். நடுவில் ஒரு வரி தடுமாறியது.

"ஒன் மோர்" என்றேன்.

முதல் பக்கத்திலிருந்து திரும்ப வாசித்தாள். அது நன்றாக இருந்தது. நாளைக்கு உரியதையும் எடுத்துவிடலாம் என்று இரண்டாவது புத்தகத்தைக் கொடுத்தேன். அது முடியும்போது கதவுக்கு அப்பால் ஆட்கள் நடக்கும் சத்தம் கேட்டது. சைரன் அடித்து முடிந்திருந்தது. மார்த்தா டப்பாவை லொக்கருக்குள் வைத்துப் பூட்டினாள். சனிக்கிழமை தனக்கு வேலை இருக்குமா என்று கேட்டாள், கண்ணை நிமிர்த்தாமல். ஓம் என்று தலையாட்டினேன். அதைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது. மூன்றரை மணிவரை அவள் சுடச்சுட வரும் பன்களுக்கு நடுவில் நின்றாள். ஒருதரம் இரும்பு மேசையைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பதிவு சரியாக வந்திருக்கிறதா என்று காதில் வைத்துக் கேட்டேன். ஒரு பிசிறும் இல்லை.

பின்னேரம் பவ்யா குசினி மேசையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே விரலை வரியின்கீழ் வைத்தாள். கைப்பேசியை முன்னால் வைத்தேன். முதல் வரி முடிந்ததும் வாயை அரைக்கத் தயாரானாள். இடைவெளி வரவில்லை. அடுத்த வரி வந்துவிட்டது. நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து போட்டாள்.

"அம்மா, வொய் மார்த்தா சாப்பிடேல்ல?"

"சாப்பிட்டவ. பிறகு சாப்பிட்டவ."

"நோ. சாப்பிட்டா சவுண்ட் வரும்."

அன்புராசா கழுவிக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டுத் தண்ணீரை நிறுத்தினார். திரும்பவில்லை.

பவ்யா பாதி கடித்த ரோல்ஸைத் தட்டோடு மெல்லத் தள்ளி, கைப்பேசியின் ஒலி வரும் துளைகளுக்கு நேரே வைத்தாள். மறுபடி அழுத்தினாள். நாடியைக் கையில் தாங்கிக்கொண்டு, மென்று முடிக்கும்வரை இடம் விடுபவள்போல வாசிக்காமல் காத்திருந்தாள். மார்த்தாவின் குரல் ஓலா பவ்யா என்று தொடங்கி, ஓர் இடத்திலும் நிற்காமல், சுத்தமாக, கடைசிப் பக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.