வாடகை வாங்காத ஒரு நாள்

2001-ஆம் வருடத் தணிக்கைக்கு வந்தவர்கள் ஒரு கேள்வியை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வரிவிலக்குப் பெற்ற கட்டடங்களால் பேரூராட்சிக்கு எவ்வளவு வருமானம் போகிறது?

எங்களிடம் அதற்குப் பதில் இருந்ததே இல்லை. விலக்குக் கொடுத்த கட்டடத்துக்கு வரி போடுவதில்லை. வரி இல்லாததால் அதன் வாடகை மதிப்பையும் யாரும் எழுதுவதில்லை. பதிவேட்டில் காலியாகக் கிடக்கும் கட்டங்களைக் கூட்டினால் என்ன வரும்? 'இன்மை' என்று எழுதி அனுப்பிவிடுவோம். மூன்று வருடமாக அதை எழுதியது நான்தான்.

"இந்தத் தடவை இன்மைன்னா ஒத்துக்க மாட்டாங்க நாகஜோதி," என்றார் செயல் அலுவலர் உக்கிரபாண்டி. "கோயிலு, பள்ளிக்கூடத்தையெல்லாம் பிறகு பாக்கலாம். அந்தக் கல்யாண மண்டபத்துக்கு முதல்ல ஒரு உத்தேசம் போடு. வரி போட்டிருந்தா எம்புட்டு வந்திருக்கும்னு."

உசிலம்பட்டி சாலையில் இருக்கும் அந்த மண்டபம், மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் துளசிராம் ஐயா கட்டியது. ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் தர்ம மண்டபம் என்று ஏழு வருடமாக விலக்கு. என் கல்யாணமும் அங்கேதான் நடந்தது. அப்பா அவர் கடையில் துணி பேல் தூக்கியவர். அப்பா இறந்த மூன்றாம் மாதம், குறித்த தேதியில் கல்யாணத்தை எப்படி நடத்துவது என்று அம்மா திகைத்து உட்கார்ந்திருந்தபோது, ஐயாவே வீட்டுக்கு வந்து மண்டபத்துச் சாவியைக் கொடுத்தார்.

மண்டபம் வருடத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

"டிராக்டர் நோட்டைப் பாருங்கக்கா," என்றான் பில் கலெக்டர் பால்பாண்டி. "கல்யாணத்துக்கு மறுநாள் எச்சி இலை அள்ள நம்ம டிராக்டர்தான போகுது. மண்டபத்துக்காரரு மறைச்சாலும் இலை மறைக்குமா?"

ஏழு வருட நோட்டும் மூட்டையாகக் கிடந்தது. எண்ணினேன். சராசரியாக வருடத்துக்கு நாற்பத்திரண்டு நடை.

இதில் இலவச நாட்களைக் கழிக்க வேண்டும். விலக்குக் கோப்பை எடுத்தேன். வருடா வருடம் புதுப்பிக்கும்போது, இலவசமாக நடந்த கல்யாணத்தின் அழைப்பிதழை ஆதாரமாக இணைப்பார்கள். 'ஆதாரம் பக்கம் 4-ல் காண்க' என்று குறிப்பு எழுதுவது என் வேலை. பக்க எண் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். பக்கத்தைப் படிக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

நான்காம் பக்கத்தில் என் பெயர் இருந்தது. காலஞ்சென்ற பேயாண்டி, தங்கப்பொண்ணு தம்பதியின் மகள். மஞ்சள் தடவிய ஓரம் ஜெராக்ஸில் கறுத்திருந்தது. முந்தைய வருடத்திலும் அதே அழைப்பிதழ். அதற்கும் முந்தைய வருடத்திலும். புரட்டிக்கொண்டே போனேன். முதல் வருடத்தில் மட்டும் அசல் இருந்தது. பிறகு ஆறு நகல்கள், தேதி இருந்த இடம் மடிப்பில் அழிந்து. கடைசி மூன்றின் மூலையிலும் சிவப்பு மையில் 4 என்று போட்டு வட்டமிட்டிருந்தது என் கைதான்.

கோபம் வரவில்லை. யாரோ என்னை உடுப்பு மாற்றும்போது பார்த்துவிட்டதைப் போலக் கூசியது. பார்த்தது யார் என்றுகூட விளங்கவில்லை.

மறுநாள் மண்டபத்துக்குப் போனேன்.

"வாம்மா ஜோதி. உங்கம்மாவுக்கு முழங்கால் தேவலையா?" என்றார் துளசிராம் ஐயா.

"அப்படியேதான் இருக்கு. வாடகை எம்புட்டுன்னு கேக்க வந்தேன் ஐயா."

"யாருக்கு? சொந்தத்துல கல்யாணமா? உன்கிட்ட நான் வாங்குவேனா?"

"ஆபீஸுக்கு ஐயா. வருச வாரியா வேணும்."

அவர் சிரிப்பு அடங்கியது. ஆனாலும் சொன்னார். தொண்ணூற்று நான்கில் மூவாயிரத்து ஐந்நூறு. இப்போது ஆறாயிரம்.

"சும்மா கொடுத்தது எத்தனை கல்யாணம்?"

"அது நெறைய இருக்கும்மா. உன்னோடது ஒண்ணு…" பெருவிரல் அடுத்த விரலின் கணுவுக்குப் போய் அங்கேயே நின்றது. "கணக்குப்பிள்ளையைத்தான் கேக்கணும்."

அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நிறையப் பேருக்குக் கொடுத்ததாகவே நம்பியிருந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பும் மஞ்சள் கொத்துமாக அவர் முன்னால் போய் நின்றவள் நான். ஒரே நன்றியை ஏழு தடவை பார்த்தவருக்கு அது ஏழு குடும்பங்களாகத் தெரிந்திருக்கலாம்.

"உங்கப்பன் இருந்திருந்தா என்கிட்ட இப்படிக் கேட்டிருக்க மாட்டான்," என்றார், நான் படியிறங்கும்போது. குரலில் கோபம் இல்லை. அதுதான் வீடுவரை கூடவே வந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா சோறு பிசைந்த கையை நிறுத்தினாள். "அன்னைக்கு நம்ம வாசலுக்கு யாருடி வந்தா? அவரு ஒருத்தருதான. எழுதாத."

"கிழக்குத் தெருத் தண்ணி மோட்டார் கருகிப் பத்து மாசமாச்சும்மா. மாத்த இருபத்திரெண்டாயிரம் ஆபீஸுல இல்லைங்கிறாங்க. நீயும்தான கொடத்தைத் தூக்கிட்டுப் பெரிய ரோட்டைத் தாண்டிப் போற?"

"போறேன். என் முழங்காலு. அதுக்குமா நீ கணக்குப் போடப்போற?"

வாடகையில் பத்தில் ஒரு பங்கு வரி என்று வைத்து உத்தேசம் போட்டேன். ஏழு வருடத்துக்கு ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு. அதில் முந்நூற்றைம்பதைக் கழித்து எடுத்துப் போனேன்.

செயல் அலுவலர் வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார். "இது போனா, விலக்குக்குக் குறிப்பு எழுதுனது யாருன்னு கேப்பாங்க. மூணு வருசம் நீதான். உனக்கு மெமோ வரும்."

"தெரியும் சார்."

"இந்த முந்நூத்தம்பது என்னது?"

"தொண்ணூத்தி நாலுல ஒரு நாள் வாடகை வாங்கலை சார். அந்த நாளுக்கு உண்டான வரி."

"யாரு சொன்னா?"

நான்காம் பக்கத்தைத் திருப்பி வைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இந்தச் சில்லறையை விட்டுடும்மா. உன் பேரு எதுக்கு இதுல?"

"விட முடியாது சார். அவரு நெசமாவே கொடுத்தது அந்த ஒரு நாள்தான்."

காகிதத்தை என் பக்கம் தள்ளினார். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா கையிலிருந்த குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். பெரிய ரோட்டைத் தாண்டும்போது மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாளைக்குக் கல்யாணம். நாளை மறுநாள் எங்கள் டிராக்டர் போகும்.