பத்தாவது டிஸ்க்

கணவரின் தாடையைச் சேர்த்துச் சுற்றியிருந்த துணிப்பட்டையை இறுக்கி, உச்சந்தலையில் மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள் ஜெயபுஷ்பம். அப்போதுதான் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஷூ கம்பெனி ஜீப். அந்தச் சத்தத்துக்காகத்தான் கிருபானந்தம் எட்டு நாளாகக் காலை எட்டு மணிக்கெல்லாம் பேண்ட் சட்டை மாட்டிக்கொண்டு, முன்னறை நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இன்று விடியற்காலை பல் தேய்க்கப் போனவர் பாதியில் திரும்பி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். இப்போது மணி பத்து. இந்தப் பாவிகள் நேற்று வந்திருக்கக் கூடாதா?

இருபது வருஷமாக ஆஸ்பத்திரியில் நர்ஸாக எத்தனையோ பேருக்குத் தாடை கட்டிய கை அது. அழுகை இன்னும் வரவில்லை. கோபம்தான் வந்தது, அதில் பாதிக் கோபம் செத்தவர் மேலேயே.

மேனேஜர் ராமமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பின்னாலேயே ஷபீ அஹமது. இரண்டு மாதத்துக்கு முன்பு புதுக் கம்ப்யூட்டரோடு கம்பெனிக்கு வந்து சேர்ந்த அதிகாரி. முப்பது வயது இருக்கும். பெஞ்சில் கிடத்தியிருந்த உடம்பின் முன்னால் இருவரும் கைகட்டி நின்றார்கள். எவ்வளவு நேரம் நின்றால் மரியாதை என்பது இருவருக்குமே தெரியவில்லை. பிறகு மேனேஜர் அவளைச் சமையலறைப் பக்கம் வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"சிஸ்டர், கேக்கக் கூடாத நேரம்தான்," என்றார். "நாளைக்கு மெட்ராஸ் ஹார்பர்ல கப்பல். எந்தப் பெட்டியில எந்த சைஸ், எத்தினி ஜோடின்னு லிஸ்ட் இல்லாம சரக்கை ஏத்த மாட்டேன்றான். எட்டு நாளா பெட்டியைப் பிரிச்சுப் பிரிச்சு எண்ணிக்கினு இருக்கோம். முடியல."

ஜெயபுஷ்பம் கையில் மிச்சமிருந்த துணிப்பட்டையைச் சுருட்டினாள்.

"டிஸ்க் பெட்டியில பத்து இருக்கணுமாம். ஒம்பதுதான் இருக்குது. நேத்து சாயங்காலம்தான் ஷபீ எண்ணிப் பார்த்தாரு. இன்னொண்ணு ஒருவேளை இங்க..."

இங்கேதான் இருந்தது. பீரோவில், கஞ்சி போட்ட அவளுடைய யூனிபாரங்களுக்கு அடியில், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கவருக்குள். வெள்ளிக்கிழமை தோறும் அதுவரைக்கும் ஆன வேலை முழுவதையும் ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார் கிருபானந்தம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. கேட்டில் செக்யூரிட்டி கண்ணில் பட்டிருந்தால் வேலையே போயிருக்கும்.

"எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு வாங்களேன்" என்று இந்த எட்டு நாளில் எத்தனை முறை கெஞ்சியிருப்பாள்.

"நானாக் கொண்டுபோய்க் குடுத்தா அது திருட்டுச் சாமான்," என்பார். "அவனுங்க வந்து கேட்டா அது பேக்கப். கேக்கட்டும். அன்னைக்கு இன்னா நடந்திச்சுன்னு மொதல்ல என்னைக் கேக்கட்டும்."

அந்த ஒரு கேள்விக்காக உட்கார்ந்து உட்கார்ந்தே உயிரை விட்ட மனுஷன்.

கல்யாணமான புதிதில் அவர் மெட்ராஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அறுபத்தொன்பதில் அது என்ன வேலை என்று ஆம்பூரில் யாருக்குத் தெரியும்? "மாப்பிள்ளை ஆபரேஷன் தியேட்டர்லயா?" என்றுதான் அவளுடைய ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஒரு ஹால் முழுக்க மெஷின். ஒவ்வொரு வேலைக்கும் ஓட்டை போட்ட அட்டைகளைக் கட்டுக் கட்டாக ஏற்றி, டேப்பை மாட்டி, முடிந்ததும் கழற்றி, அடுத்ததை ஏற்றுவது ஆபரேட்டரின் பாடு. அடுத்த வேலை எது என்று முடிவு செய்வதும் அவர்தான். ஷிஃப்டுக்கு மூன்று பேர். எழுபத்துநாலில் வேறொரு மெஷின் வந்தது. அதற்குள்ளேயே ஒரு புரோகிராம் உட்கார்ந்துகொண்டு, எது முதலில், எது அடுத்து என்று எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டது. ஒன்பது பேரில் ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"எங்க வேலையை எடுத்துக்கிச்சு, சரி. பேரையாவது வுட்டு வெச்சிருக்கலாம். ஆபரேட்டிங் சிஸ்டமாம்," என்றார், டிரங்குப் பெட்டியோடு ஆம்பூரில் வந்து இறங்கிய அன்று.

அதற்கப்புறம் பத்து வருஷம் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் உப்புத் தோல் எண்ணும் கிளார்க். சட்டையில் அந்த நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. எண்பத்துநாலில் ஷூ கம்பெனி மேஜைமேல் வைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியது. சுற்று வட்டாரத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்திருந்த ஒரே ஆள் அவர்தான். கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். அன்று ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தார். அந்த மெஷினை ஓட்டிய சிஸ்டத்துக்கு சி.பி.எம். என்று பெயர். மூன்று வருஷத்தில் அதன் கட்டளை ஒவ்வொன்றும் விரலில் ஊறிப்போயிற்று. இந்த வருஷம் அதையும் மூலையில் தள்ளிவிட்டுப் புதிது வாங்கினார்கள். இதற்கு டாஸ் என்று பெயர். ஒருத்தரும் அவரை உட்கார வைத்து இது இப்படி என்று சொல்லவில்லை.

இந்தச் சமையல் மேடையில்தான் இரண்டு டம்ளர்களை வைத்து அவளுக்கு விளக்கினார். "பழசுல, எந்த டம்ளர்ல ஊத்தணுமோ அதை மொதல்ல சொல்லணும். எதுலேர்ந்துன்றது அப்புறம். புதுசுல தலைகீழ், புஷ்பம். எதுலேர்ந்துன்னு மொதல்ல, எதுக்குன்னு அப்புறம். மூணு வருஷம் பழகுன கை."

போன சனிக்கிழமை அந்தக் கை, பழைய டிஸ்க்கில் இருந்ததைப் புது டிஸ்க்கின் மேல் ஊற்றிவிட்டது. கப்பலுக்குப் போகிற சரக்கின் கணக்கு மொத்தமும் ஒரு நிமிஷத்தில் காலி. ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னார். "சி.பி.எம். பழக்கம் சார், கை தன்னால போய்டிச்சு."

அதைத்தான் சொல்லியிருக்கக் கூடாது. கம்பெனி கேட்டில் செங்கொடி நட்டு நாற்பது நாள் ஸ்ட்ரைக் நடந்து ஓய்ந்திருந்த நேரம். மேனேஜர் காதில் அந்த மூன்று எழுத்துக்கு மேல் எதுவும் விழவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலமே போர்டில் நோட்டீஸ்: அரசியல் நோக்கத்துடன் கம்பெனியின் ஆவணங்களை வேண்டுமென்றே அழித்த கிருபானந்தம் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறார். ஓட்டுப் போட வரிசையில் நிற்பதற்கே சலித்துக்கொள்கிற மனுஷனுக்கு அரசியல் நோக்கம்! ஊர் முழுக்க அதைப் படித்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இவர்கள் இருவரும் உட்கார்ந்த பெஞ்சில் இடம் மிச்சம் இருந்தது.

"சிஸ்டர்?" என்றார் மேனேஜர்.

"இங்கதான் இருக்குது," என்றாள்.

மேனேஜர் முகத்தில் உயிர் வந்தது. கையைக்கூட நீட்டிவிட்டார்.

"ஆனா அதை நான் குடுக்க முடியாது. கேட்டாத்தான் குடுப்பேன்னு சொன்னாரு. அவரைக் கேளுங்க."

"யாரை?"

"என் வீட்டுக்காரரை. பெஞ்சு மேலதான் இருக்காரு."

"நீங்க படிச்சவங்க. இப்படிப் பேசலாமா?"

"படிச்சவதான். உங்க நோட்டீஸையும் போய்ப் படிச்சுட்டுதான் வந்தேன்."

அவளுடைய தம்பி ஜார்ஜ் காதில் இது விழுந்துவிட்டது. அவனுடைய மகன் அதே கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறான். வேகமாக வந்து அவள் கையைப் பிடித்தான். "அக்கா, எடுத்துக் குடுத்து அனுப்பிடுக்கா. சாவு வூட்ல எதுக்கு இந்த பேஜாரு?"

"நீ சும்மா இரு ஜார்ஜ். எட்டு நாளு அவரும் சும்மாதான் இருந்தாரு."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். ஷபீயைப் பார்த்தார். ஷபீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழி தெரியாமல் அவர் முன்னறைக்குப் போய் பெஞ்சருகே நின்றார். பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்து ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்த சர்ச் பெண்கள் நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டு சுகரா பேகம் டீ பிளாஸ்க்கோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மேனேஜர் குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமாக் கேளுங்க," என்றாள் ஜெயபுஷ்பம். "மெட்ராஸ்ல பிரிண்டர் பக்கத்துல நின்னு நின்னு அவருக்கு வலது காது கம்மி. டிஸ்க்கைக் கேக்காதீங்க. அன்னைக்குக் கேக்க வேண்டியதைக் கேளுங்க."

மேனேஜர் குரலை உயர்த்தினார். "கிருபானந்தம் சார்," என்றார். மூன்று வருஷத்தில் முதல் சார். "அன்னைக்கு இன்னா நடந்திச்சு?"

கிருபானந்தம் எதற்கும் உடனே பதில் சொல்லுகிறவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டுதான் ஆரம்பிப்பார். அந்த நேரத்தை ஜெயபுஷ்பம் அவருக்குக் கொடுத்தாள்.

பேசியது ஷபீ. "தெரியாம நடந்தது சார். புது சிஸ்டத்துல காப்பி பண்ற வரிசை தலைகீழ். பழசுல பழகினவங்க யாரா இருந்தாலும் இந்தத் தப்பு நடக்கும். சி.பி.எம்.னு அவரு சொன்னது பழைய சிஸ்டத்தோட பேரு. கட்சி இல்ல."

மேனேஜர் மெல்ல நிமிர்ந்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும் சார்."

"அப்ப ஏன்யா சொல்லல?"

"நீங்க கேக்கலியே சார்."

ஜெயபுஷ்பம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கேள்வியும் பதிலும் சேர்ந்து ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. இவ்வளவுதானா? இதற்கா இந்த மனுஷன் எட்டு நாள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்? பதில் வந்துவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை.

உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். எக்ஸ்ரே கவரிலிருந்து டிஸ்க்கை எடுத்தபோது, அதன் லேபிளில் அவருடைய குண்டு குண்டான எழுத்தில் வெள்ளிக்கிழமைத் தேதி இருந்தது. கொண்டுவந்து மேனேஜர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. அப்படியே ஷபீயிடம் தந்தார். ஷபீ அதை ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டான்.

"அந்த நோட்டீஸ், சார்," என்றான் ஜார்ஜ். அவன் கேட்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"பார்க்கலாம், பார்க்கலாம். கப்பல் போவட்டும்," என்றார் மேனேஜர், செருப்பைத் தேடியபடியே. "நாலு மணிக்கு சர்ச்சுக்கு வந்துர்றோம் சிஸ்டர்."

இருவரும் ஏறக்குறைய ஓடினார்கள். வழியனுப்பப் போவதுபோல அவளும் வாசல் வரைக்கும் போனாள். டிரைவர் அவசரமாக ஜீப்பைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினான். பின் சீட்டில், ஈரத்துணி சுற்றிய பெரிய ரோஜா மாலை ஒன்று இறக்காமலே கிடந்தது. கம்பெனி பெயர் எழுதிய ரிப்பன் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பஜார் தெரு திரும்பும்வரை அந்த ரிப்பன் காற்றில் அடித்துக்கொண்டே போனது.