குழியை மூடியவன்

1

ஒரு சந்தேகத்திலிருந்து பிறந்த கதை இது. சந்தேகிக்கப்பட்டவன் நான். ஆகவே நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

கெய்ரோவில், சூடான் அகதிகளான நாங்கள் நெருக்கியடித்து வாழும் பேட்டைக்கு, மாரிட் என்ற நார்வேக்காரி அகதிகளை வைத்து நாடகம் போட வந்தாள். அவரவர் கதையை அவரவரே மேடையில் சொல்ல வேண்டும். நான் அவளுக்கு மொழிபெயர்ப்பாளன்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘அந்த மண்டபத்தில் ஒவ்வொருவர் கண்ணிலும் ஒரு பாலைவனம்…’

(அடித்துவிட்டேன். டீ எப்போது வரும் என்றுதான் எல்லாக் கண்களும் பார்த்துக்கொண்டிருந்தன.)

கல்தூமா அக்கா, சூடானின் மேற்கே போரில் எரிந்த தார்ஃபூர்க்காரி. பெண்களுக்குத் தலை பின்னிவிட்டுப் பிழைப்பவள். தினமும் வருவாள், வாயைத் திறக்க மாட்டாள்.

“நீங்களும் உங்க கதையைச் சொல்லலாமே?” என்றாள் மாரிட். நான் மொழிபெயர்த்தேன்.

“ஐ.நா. அகதி ஆபீஸ்ல ஒரு தடவை சொல்லியாச்சு. இவளுக்கும் சொன்னா இவ விசா தருவாளான்னு கேளு.”

(இதை நான் மொழிபெயர்க்கவில்லை. “யோசிக்கிறாங்களாம்” என்றேன்.)

3

இப்போது அபக்கர். கொத்து வேலைக்காரன், அவனும் தார்ஃபூர். இவனை எப்படி எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை. நல்லவன் என்று எழுதினால் பேனா தயங்குகிறது. கெட்டவன் என்று

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

ஒத்திகையில் அவன் எழுந்தான். ஆயுதத்தோடு வந்த குதிரைக்காரர்கள் ஊருக்குத் தீ வைத்த நாளில், தானியக் குழிக்குள் ஒளிந்துகொண்டதாகவும், தங்கை அழாமலிருக்க அவள் வாயில் துணியைத் திணித்ததாகவும் சொன்னான். மாரிட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்தூமா என்னை வெளியே இழுத்துப் போனாள்.

“அது என் கதைடா. அந்தத் துணி என் முந்தானை. ஆபீஸ்ல மட்டும்தான் சொன்னேன். நீ அங்கயும் மொழிபெயர்க்கப் போறவன்தானே? எவ்வளவுக்கு வித்த?”

“அக்கா, சத்தியமா உங்க விசாரணைக்கு நான் வரல.”

“வேற எவனோ வித்திருக்கான். என் அகதி கேஸ் இன்னும் முடியல. நாடகம் பாக்க ஆபீஸ்காரங்க வருவாங்களாம். ஒரே கதை ரெண்டு வாயில வந்தா யாரைப் பொய் சொல்றதா சொல்லுவாங்க? பொம்பளையைத்தான்.”

(அப்படி நூறு ஊர்கள் எரிந்தன. நூறு குழிகளில் நூறு தங்கைகள் இருந்திருக்கலாம். அவளிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.)

4

அவள் உள்ளே திரும்பி வந்தாள்.

“அபக்கர்! குழிய மூடினது யாரு?”

அவன் கதையில் மூடி வரவே இல்லை.

“நீலச் சட்டைக்காரன் ஒருத்தன். எட்டிப் பாத்தான். பாத்துட்டு, பலகையை இழுத்து மூடி, மேல மண்ணைத் தள்ளிட்டுப் போனான். ‘இங்க ஒண்ணுமில்ல’ன்னு கத்திக்கிட்டே.”

கல்தூமாவின் முகம் செத்துப்போனது.

“அந்தச் சட்டையை நான் ஆபீஸ்லகூட சொல்லலடா,” என்றாள் மெதுவாக, என்னிடம். “யாருக்கும் சொல்லல. குழிக்குள்ள இருந்த எங்களுக்கும் அவனுக்கும்தான் அது தெரியும்.”

“என்ன சொல்றாங்க?” என்று கேட்டாள் மாரிட். “ஒத்திகையைத் தொடரலாமாம்” என்றேன்.

5

மேடையில் குழிக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டி இருந்தது. கல்தூமா அதற்குள் இறங்கி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“வா தம்பி. அவன் எப்படி மூடினான்னு காட்டு.”

“அக்கா, நான்…”

“குதிரையில வந்தியா, நடந்து வந்தியான்னு நான் கேக்கல. மூடு.”

அபக்கர் பலகையைத் தூக்கினான். அவள் அண்ணாந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவனும் பக்கத்துக் குழியில் ஒளிந்திருந்து எல்லாம் பார்த்தவன். இன்னொன்றில் அவள் அவனை ஆபீஸில் காட்டிக்கொடுக்கிறாள். மூன்றாவதில், உயிரோடு விட்டதற்கு நன்றி சொல்கிறாள். மூன்றையும் கிழித்துவிட்டேன்.

அந்த ஒத்திகையில் இருந்தவன் நான், பலகை மூடிய பிறகு உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேஸ் இன்னும் முடியவில்லை. இதைப் படிக்கும் நீங்கள் யார் என்றும் எனக்குத் தெரியாது.